வசந்தா பூட்டு

பையை அப்படியே வெச்சுக்கோங்க, பரவால்லீங்க. என்ற காலுக்கு இந்த இடம் போதும். பெங்களூர் வரைக்குமா? நானும் அங்கதானுங்க. நல்லதாப் போச்சு. இந்த ரயில் வண்டில ஏறினா ஆளாளுக்குக் காதுல எதையாவது மாட்டிக்கிட்டு உக்காந்துக்கறாங்க, பேச ஒருத்தர் கிடைக்கறதில்லை.

வேலைங்களா? கம்ப்யூட்டர் வேலைதானுங்க. நீங்க நினைக்கிற மாதிரி பெரிய கண்ணாடிக் கட்டடம் எல்லாம் இல்லை. சரவணம்பட்டிப் பக்கம் சின்னக் கம்பெனி. ஆஸ்பத்திரில ரொம்ப முடியாதவங்களுக்கு மருந்தைச் சொட்டுச் சொட்டா ஏத்தறதுக்குக் கட்டிலோரம் ஒரு பம்பு மாட்டியிருப்பாங்க, பார்த்திருப்பீங்க. பச்சை வெளிச்சம் எரியும். அதை நாங்க செய்யறோம். அதுக்குள்ள ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் இருக்குது. அதை நடத்தறதுக்கு ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம். அதை எழுதினது நானுங்க.

ஆமாங்க, நான்தான். முழுசும்னு சொல்லமாட்டேன், நாலு பேரு இருந்தோம். மத்த மூணு பேரும் போயிட்டாங்க. நான் இருக்கேன்.

சிஸ்டம்னா பெருசா ஒண்ணுமில்லீங்க. உங்க போன்ல பாட்டு ஓடிட்டிருக்குது. நடுவால உங்க மக கூப்பிடறா. பாட்டு தன்னால நிக்குது, பேசி முடிச்சதும் விட்ட இடத்துல இருந்து ஓடுது. யாரு முன்ன, யாரு பின்ன, யாரு காத்திருக்கணும்னு உள்ள ஒண்ணு பங்கு வெச்சுக்கிட்டே இருக்குது. அதான். எங்க பம்புல அது மோட்டாரைத் திருப்பணும், குழாயில காத்துக்குமிழி வருதான்னு பார்க்கணும், வந்தா சத்தம் போட்டு நர்ஸைக் கூப்பிடணும். ரெண்டு வேலை ஒரே இடத்துல கையை வெச்சாக் கணக்குக் குழம்பிப்போகும். அதுக்கோசரம் நான் ஒரு பூட்டு வெச்சிருந்தேன். ஒரே பூட்டு, ஒரே சாவி. சாவி யாரு கையில இருக்குதோ அவங்க மட்டும் உள்ள போகலாம். முடிச்சுட்டு வந்து சாவியைக் குடுக்கணும். அதுவரைக்கும் மத்தவங்க வாசல்ல நிக்கணும். மாமியா இடுப்புல கொத்துச்சாவி இருக்குமே, அந்த மாதிரி.

என்ற பேரு வசந்தாமணி. ஆபீஸ்ல அதுக்குப் பேரே வசந்தா பூட்டு. புதுசா வர்ற பசங்களுக்கு முதல் நாளே சொல்லித்தருவாங்க: "எதைத் தொட்டாலும் வசந்தா பூட்டைப் போட்டுட்டுத் தொடு." பதினாலு வருஷம். எத்தனையோ ஆஸ்பத்திரில ஓடுது. ஒரு குத்தம் சொன்னதில்லை யாரும்.

அப்புறம் ஜெசிந்தா வந்தா.

தூத்துக்குடிக்காரி. அவளை வேலைக்கு எடுத்ததே நானுங்க. இன்டர்வியூவுக்கு வந்தவங்கள்ல இவ ஒருத்திதான் "தெரியாது"ன்னு வாயைத் திறந்து சொன்னா. இந்தப் புள்ள போதும்னு மேனேஜர் தியாகு சார்கிட்டச் சொன்னது நான். அதை யாரு இப்ப நினைச்சுப் பார்க்கறாங்க? வந்த கொஞ்ச நாள்லயே அவ மேசையைச் சுத்திக் கூட்டம். ஊருக்குப் போயிட்டு வந்தா ஒரு டப்பா மக்ரூன் கொண்டாந்து வெச்சிருவா, அதுக்கொரு கூட்டம். வாசல்ல இருக்கற செக்யூரிட்டி கூட அவ வண்டியை நிறுத்தறதுக்கு நிழலாப் பார்த்து இடம் பிடிச்சு வெப்பாரு. நான் எத்தனை வருஷமா வெயில்ல நிறுத்தறேன்.

பொறாமைன்னு நினைச்சுக்காதீங்க. எனக்கு என்னங்க குறைச்சல்? சொந்த வீடு. எங்கூட்டுக்காரர் மோட்டார் காயில் கட்டற பட்டறை வெச்சிருக்காரு, நல்லாப் போகுது. நடந்ததைச் சொல்றேன், அவ்வளவுதான்.

புது பம்புக்குப் புது சிப்பு வந்துச்சு. பழசுல ஒரு மூளை, இதுல நாலு மூளை. நாலும் ஒரே நேரத்துல வேலை செய்யும். ஆனா சாவி ஒண்ணுதானே? ஒரு மூளை உள்ள போனா மத்த மூணும் வாசல்ல நின்னுச்சு. நின்னா என்னங்க? நிக்கட்டும். அவசரம்னு யாரு அழுதாங்க? மீட்டிங்ல இதைப் பேசிட்டிருக்கறப்ப இவ எந்திரிச்சா.

"சார், பெரிய பூட்டை எடுத்துரலாம். மோட்டாருக்குத் தனிச் சாவி, குமிழிக்குத் தனிச் சாவி, அலாரத்துக்குத் தனி. அவங்கவங்க வேலையை அவங்கவங்க பாக்கட்டும்."

அவ்வளவுதான். தியாகு சாருக்கு முகமெல்லாம் பல்லு. "ப்ரோகிராம்ல எத்தனை வரி மாத்த வேண்டி வரும்?"ங்கறாரு. "கிட்டத்தட்ட எல்லாத்தையும் தொடணும் சார். ஆனா வெளிய இருந்து பாத்தா ஒண்ணும் மாறியிருக்கக் கூடாது. பம்பு பழைய மாதிரியே ஓடணும்"னு சொல்றா. எத்தனை தைரியம் பாருங்க. நான் கட்டின வீட்டுல நான் உக்காந்திருக்கறப்பவே, அஸ்திவாரத்தை மட்டும் மாத்திக்கறேன், சுவத்துல சுண்ணாம்பு உதிராதுங்கறா.

சரி, என்னையக் கூப்பிட்டு "வசந்தா, நீங்க செய்யுங்க"ன்னு சொல்லியிருந்தா நானே செஞ்சிருப்பேன். சொல்லலை. "வசந்தா, இந்த சிஸ்டம் உங்களை விட யாருக்கும் தெரியாது. நீங்க டெஸ்ட் பண்ணுங்க. உங்க கையில இருந்து தப்பிச்சு வந்தா அதுக்கப்புறம் எந்த ஆஸ்பத்திரிலயும் தப்பு வராது"ன்னாரு. எப்படிங்க இருக்கும்? கல்யாணத்தை நடத்திவெச்சவளைப் பந்தியில இலை எண்ணச் சொன்னாப்ல.

சரின்னு சொல்லிட்டேன். மனசுக்குள்ள மட்டும் ஒண்ணு நினைச்சுக்கிட்டேன். இவ ஒரு வரி மாத்தினா நான் ஒரு தப்புக் கண்டுபிடிக்காம விடறதில்லைன்னு.

பெரிய மேசை ஒண்ணு கேட்டு வாங்கினேன். பம்புகளை வரிசையா அடுக்கி, மருந்துக்குப் பதிலா தண்ணி ஊத்தி ஓடவிட்டேன். எல்லாரும் டெஸ்ட் எழுதுவாங்க, ஒழுங்கா ஓடுதான்னு பார்க்க. நான் ஒழுங்கா ஓடவிடாம எழுதினேன். சாவி ஒருத்தர் கையில இருந்து இன்னொருத்தர் கைக்கு மாறுற நேரம் பார்த்து, வேணும்னே ஒரு மூளையைத் தூங்கவெச்சேன். இன்னொண்ணை அவசரப்படுத்தினேன். மோட்டார் திரும்பறப்பவே கரண்டைப் பிடுங்கினேன். குழாய்ல ஊசி வெச்சுக் குமிழியை ஏத்தினேன். பக்கத்து சீட்டு இம்மானுவேல் பார்த்துட்டு, "மேடம், எந்த எதிரிக்கும் இப்படி டெஸ்ட் எழுதமாட்டாங்க"ன்னான். எழுதத் தெரியணுமில்ல?

மாட்டினா. முதல் வாரமே மாட்டினா. மோட்டார் தன்னோட சாவியைக் கையில வெச்சுக்கிட்டு குமிழிச் சாவிக்காக நிக்குது. குமிழி தன்னோட சாவியை வெச்சுக்கிட்டு மோட்டார் சாவிக்காக நிக்குது. ரெண்டும் நகராது. பம்பு அப்படியே கல்லாட்டம் நின்னுபோச்சு. என்ற ஒரே பூட்டுல இது வருமா சொல்லுங்க? நான் அவகிட்டத் தனியாச் சொல்லலை. மீட்டிங்ல, எல்லாரும் இருக்கறப்ப, பம்பையே தூக்கிட்டுப் போய் மேசை மேல வெச்சேன்.

அவ கிட்ட வந்து பார்த்தா. குனிஞ்சு, கண்ணு விரிய. "ஐயோ அக்கா, எப்படிப் பிடிச்சீங்க இத?" அப்படின்னு கேக்கறா. வெக்கப்படணுமா இல்லையா? சிரிக்கறா! அன்னிக்கே உக்காந்து, சாவிகளை இந்த வரிசையிலதான் எடுக்கணும், வரிசை மாறினா எடுக்கவே கூடாதுன்னு ஒரு முறையைக் கொண்டுவந்து சரிபண்ணிட்டா. அடுத்த நாள் காலையில வந்ததும் வராததுமா என்ற மேசைக்கு வந்து, "அக்கா, இன்னிக்கி எங்க உடைக்கப் போறீங்க?"ன்னு கேட்டா. எனக்கு எரிஞ்சது பாருங்க.

அப்புறம் அதே வேலைதான். அவ எழுதுவா, நான் உடைப்பேன். அவ சரிபண்ணுவா, நான் இன்னும் மோசமா ஒண்ணு யோசிப்பேன். குளிக்கறப்ப யோசிப்பேன், தோசை ஊத்தறப்ப யோசிப்பேன். அவ வரிகளை அவளை விட நான் நல்லாப் படிச்சிருப்பேன். எந்த இடத்துல சோம்பேறித்தனப்படுவா, எந்த இடத்துல நேக்கா ஒதுங்குவான்னு எனக்கு மனப்பாடம். அவ லீவு போட்ட அன்னிக்கு மட்டும் பொழுதே போகாது, உடைக்கறதுக்குப் புதுசா ஒண்ணும் இருக்காதில்ல, அதனால. எங்கூட்டுக்காரர் ஒருநாள் சாப்பிட்டுக்கிட்டே, "அந்தப் புள்ள பேரைச் சொல்லாம நீ ஒரு வாய் சோறு திங்கறதில்லை"ன்னாரு. இவரு பட்டறையில வேலை செய்யற ஆளுகளைப் பத்திப் பேசறதில்லையா? நான் ஏதாச்சும் கேக்கறனா?

அப்பத்தானுங்க அந்த அலார விவகாரம் வந்துச்சு.

என்ற மேசையில ஒரு பம்பு. குமிழி ஏத்தினேன். செவப்பு வெளிச்சம் எரிஞ்சுது. சத்தம் வரலை. மறுபடியும் ஏத்தினேன், வந்துச்சு. ஆயிரக்கணக்குல ஓடவிட்டா எப்பவோ ஒருக்கா வராமப் போகுது. நீங்களே யோசிச்சுப் பாருங்க. நர்ஸு அந்தப் பக்கம் திரும்பி இன்னொருத்தருக்கு மாத்திரை குடுத்துட்டிருப்பாங்க. வெளிச்சம் எரிஞ்சா யாருக்குத் தெரியும்? சத்தம் வந்தாத்தான் ஓடிவருவாங்க. இது சின்ன விஷயமில்லை. பயமும் இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது, சந்தோஷமும் இருந்துச்சு. மாட்டினாடா இன்னிக்குன்னு.

தியாகு சார் வெளுத்துப்போயிட்டாரு. "ஜெசிந்தா, உன் மாத்தத்துல எதுலன்னு கண்டுபிடி. இல்லைன்னா எல்லாத்தையும் தூக்கிட்டுப் பழைய பூட்டையே போட்டுருவோம்." அந்த வார்த்தையைக் கேக்கறதுக்குத்தானே நான் இருந்தேன்.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்குதுங்க. இதுவரைக்கும் மாத்தினதையெல்லாம் வரிசையா வெச்சுக்கிட்டு நட்டநடுவுல பிரிக்கணும். முன்பாதி மாத்தங்களோட மட்டும் ஓட்டணும். அப்பவும் கோளாறு வந்தா அது முன்பாதிக்குள்ள இருக்குது, வரலைன்னா பின்பாதியில. மறுபடியும் அதைப் பாதியாப் பிரிக்கணும். இப்படியே போனாக் கடைசியில ஒரே ஒரு மாத்தத்துல வந்து நிக்கும். என்ற டெஸ்ட்டு, என்ற மேசை, அதனால அவ என்ற பக்கத்துலயே நாற்காலியைப் போட்டுக்கிட்டா. பிரிப்போம், ஓட்டுவோம், காத்திருப்போம். வெளிச்சம் எரியும். சத்தம் வராது. முன்பாதி. மறுபடியும் முன்பாதி. மறுபடியும் முன்பாதி. அவ எழுதினதெல்லாம் ஒவ்வொண்ணா உதிர்ந்து, அவ வேலைக்குச் சேர்ந்து முதமுதல்ல மாத்தின இடத்துல வந்து நின்னுச்சு. அதுலயும் சத்தம் வரலை.

அவ திரும்பி என்னையப் பார்த்தா. ரொம்ப மெதுவா, "அக்கா... இதுக்கு முன்னாடி இருந்ததுலயே ஒருக்கா ஓட்டிப் பாப்போமா?"ன்னா.

"அதுக்கு முன்னாடி இருந்தது நான் எழுதினது"ன்னேன்.

"தெரியும்க்கா. சும்மா பாப்போம்."

"பதினாலு வருஷமா ஆஸ்பத்திரில ஓடறதை நீ என்ன டெஸ்ட் பண்றது?"ன்னு கேட்டேன். ஆபீஸே திரும்பிப் பார்த்துச்சு. நான் எந்திரிச்சுக் கேன்டீனுக்குப் போயிட்டேன். அவ ஓட்டலை. நான் வர்ற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தா. தியாகு சார் வந்து, "ஓட்டுங்க வசந்தா"ன்னு சொன்னாரு. ஓட்டினேன்.

வெளிச்சம் எரிஞ்சுது. சத்தம் வரலை.

அது என்னன்னா, சத்தம் போடற வேலை ஒண்ணு இருக்குதில்ல, அது "என்னையக் கூப்பிட்டாங்களா"ன்னு பார்க்கும். யாரும் கூப்பிடலைன்னா தூங்கப்போகும். பார்க்கறதுக்கும் தூங்கறதுக்கும் நடுவால, கண்ணு சிமிட்டற நேரத்துல குமிழி வந்து கூப்பிட்டா, அது காதுல விழாமலே தூங்கிரும். சாவியைக் கையில வெச்சுக்கிட்டுத்தான் பார்க்கணும். அந்த ஒரு இடத்துல மட்டும் சாவி எடுக்காமப் பார்த்திருக்குது. அது சிப்போட கோளாறுன்னுதான் நான் இப்பவும் சொல்லுவேன். பழைய சிப்புலயும் வந்துச்சுங்கறாங்க, வந்துச்சுதான், ஆனா எவ்வளவு அபூர்வமா! அந்த மாதிரி கெட்ட டெஸ்ட்டு எழுதினா எதுலதான் வராது?

யாருக்கும் ஒண்ணும் ஆகலீங்க. ஆகியிருந்தா சொல்லியிருப்பாங்க. வீட்டுல சொன்னப்ப எங்கூட்டுக்காரர், "சத்தமே போடாத பம்பைப் பத்தி யாரு வந்து சொல்லப்போறா?"ன்னு கேட்டாரு. காயில் கட்டறவருக்கு இதெல்லாம் என்ன தெரியும். அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கலை. சித்திரை வெயில், அந்த வருஷம் சூடு ரொம்ப.

முதலாளி வந்து மீட்டிங் போட்டாரு. பழைய பம்பு இருக்கற அத்தனை ஆஸ்பத்திரிக்கும் ஆள் போய் மாத்தணும், பெரிய விஷயமில்லையா. ஜெசிந்தாதான் எந்திரிச்சு விளக்கினா. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு இருந்தேன், இப்ப சொல்லுவா, இப்ப அந்த வரியைத் திரையில போட்டு யாரு எழுதினதுன்னு காட்டுவான்னு. அவ என்ன சொன்னா தெரியுங்களா? "சார், இது பல வருஷமா ஒளிஞ்சிருந்த பிழை. வசந்தாக்கா டெஸ்ட் இல்லைன்னா நமக்குக் கடைசிவரைக்கும் தெரிஞ்சிருக்காது." அதோட உக்காந்துட்டா. யாரு எழுதினதுன்னு ஒரு வார்த்தை இல்லை. எல்லாரும் கைதட்டினாங்க. முதலாளியும் தட்டினாரு. எனக்குத்தான் தட்டினாங்க. ஆனா பாருங்க, அவ சொல்லித்தானே தட்டினாங்க? பதினாலு வருஷத்துல எனக்குக் கிடைச்ச ஒரே கைதட்டல், அதுவும் அவ எடுத்துக் குடுத்தது. பெருந்தன்மையைக் காட்டறாளாம். அதைத்தானுங்க என்னால தாங்க முடியலை. திட்டியிருந்தாக்கூட நான் பதிலுக்குத் திட்டிட்டுத் தூங்கியிருப்பேன்.

கடைசியில பெரிய பூட்டை எடுக்கற நாள் வந்துச்சு. எல்லாம் தனித்தனிச் சாவிக்கு மாறியாச்சு, அதை யாரும் போடறதில்லை, சும்மா கிடந்துச்சு. அவ லேப்டாப்பை என்ற பக்கம் திருப்பி, "நீங்க எடுங்கக்கா"ன்னா. நானே எழுதினதை நானே அழிக்கணுமாம். "நீயே எடு, உனக்குத்தானே அவசரம்"னேன். எடுத்துட்டா. டெஸ்ட் முழுக்க ஓடி முடிஞ்சு ஒரு கோளாறும் வரலை. எல்லாரும் கேக் வெட்டப் போனாங்க. நான் போகலை. அவ ஒரு துண்டு கொண்டாந்து மேசையில வெச்சுட்டுப் போனா. எறும்பு வந்துரும்னுதான் எடுத்துச் சாப்பிட்டேன்.

அதுக்கப்புறம் கொஞ்ச நாள்லயே பெங்களூர்ல வேலை கிடைச்சுருச்சு அவளுக்கு. அவ வீட்டுக்காரர் அங்க இருக்காரு, போகவேண்டியதுதானே. தியாகு சாருக்குக்கூடத் தெரியாது, முதல்ல என்னையக் கேன்டீனுக்குக் கூட்டிட்டுப் போய்ச் சொன்னா. நான் "நல்லது, போ"ன்னேன். வேற என்னங்க சொல்றது? அழுதா. எதுக்கு அழுதான்னு இன்னிக்கி வரைக்கும் எனக்கு விளங்கலை. நல்ல வேலை, நல்ல ஊரு.

போகும்போது அவ எழுதினதையெல்லாம் யாரு பார்த்துக்கறதுன்னு பேச்சு வந்துச்சு. இம்மானுவேல் ஆசைப்பட்டான். அவ, "வசந்தாக்காதான்"னு சொல்லிட்டாளாம். பாருங்க, அவ சுமையையும் என்ற தலையில வெச்சுட்டுப் போயிட்டா. இப்ப நான்தான் பார்த்துக்கறேன். போன மாசம் சுதர்சன்னு ஒரு பையன் புதுசாச் சேர்ந்தான். வந்ததும், "இந்தச் சாவி வரிசையெல்லாம் ரொம்பப் பழைய முறை மேடம், எடுத்துட்டு வேற மாதிரி எழுதலாம்"ங்கறான். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "தம்பி, அது ஒவ்வொண்ணும் எதுக்கு அப்படி இருக்குதுன்னு தெரியுமா உனக்கு? அவ எத்தனை யோசிச்சு எழுதினான்னு தெரியுமா? கையை எடு முதல்ல"ன்னேன். பையன் மிரண்டுபோயிட்டான். ஒழுங்கா எழுதினதை யாரும் கெடுக்கக் கூடாதில்லீங்க, அதுக்கோசரம்தான். அவ எழுதினதுங்கறதுக்காக இல்லை.

நாளைக்குப் பெங்களூர்ல எஞ்சினியருங்க கூடற கூட்டம் ஒண்ணு நடக்குது. அதுல ஜெசிந்தா பேசறாளாம், ஒரு பெரிய பூட்டை எப்படிக் கழட்டினோம்னு. எங்க கம்பெனிகிட்ட அனுமதி வாங்கித்தான் பேசறா. அதைத் தியாகு சாருக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கா. எனக்குச் சொல்லலை. எனக்கும் கூப்பிட்டாதான், நாலஞ்சு தடவை வந்துச்சு, நான் எடுக்கலை. ஆனா சாருக்குத்தானே முதல்ல கூப்பிட்டிருக்கா?

நான் லீவு போட்டுட்டுப் போறேன். கம்பெனி அனுப்பலை, என்ற பாட்டுக்குப் போறேன். கடைசி வரிசையில உக்காந்திருந்துட்டு, அவ பேசி முடிச்சதும் எந்திரிச்சு ஒரே ஒரு கேள்வி கேக்கணும். அவ எழுதினதுல ஒரு இடத்துல ரெண்டு சாவி எடுக்கறா, ஒண்ணு போதும். ஆபத்தில்லை, கொஞ்சம் வேகம் குறையும், அவ்வளவுதான். நான் மாத்தி, டெஸ்ட் பண்ணி, புதுப் பம்புக்கெல்லாம் போயும் போயிருச்சு. ஆனா அது அவளுக்குத் தெரியணுமில்ல?

மெயில்ல எழுதலாமேன்னு கேக்கறீங்களா? எங்கூட்டுக்காரரும் அதைத்தான் கேட்டாரு, இதுக்கு எதுக்கு ரயில் ஏறறேன்னு. மெயில் போட்டா ஒரு வரில பதில் எழுதிட்டு அவ வேலையைப் பார்க்கப் போயிருவா. நேர்ல கேட்டா அப்படி விடமாட்டா. ஒத்துக்கவே மாட்டா. ரெண்டு சாவி வேணும்னு சாதிப்பா. நான் வேண்டாம்பேன். பேனாவை எடுத்துக் காகிதத்துல வரைவா, நான் அடிச்சுட்டுப் பக்கத்துலயே வேற வரைவேன். அவளுக்கு விளங்கறதுக்கே ஒரு மணி நேரமாவது ஆகும். அதுக்குள்ள மத்தியானம் ஆயிரும், சாப்பிடாம எப்படி விட்டுட்டு வர்றது? சாப்பிட்டுட்டு மறுபடியும் ஆரம்பிப்பா, அவ குணம் எனக்குத் தெரியாதா.

திரும்பறதுக்கு நான் டிக்கெட்டே போடலைங்க இன்னும்.